பிசியோதெரபியை நிறுத்தாதே, மாப்ளே

அன்பு மாப்ளே,

நீ சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதிய கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தது ரொம்ப சந்தோஷம். ஆனால் பக்கவாதம் வந்து ஆறு மாதம் ஆகிவிட்டது, இனிமேல் தேறுவது இவ்வளவுதான் என்று யாரோ சொன்னதைக் கேட்டு பிசியோதெரபியை நிறுத்திவிட்டாயே, அதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை.

முதல் மூன்று மாதம் வேகமாகத் தேறும், அப்புறம் வேகம் குறையும், அது உண்மை. அதற்காக நின்றுபோகும் என்று யார் சொன்னது? எங்கள் அண்ணன் சட்டைப் பொத்தானைத் தானே போட ஆரம்பித்தது பக்கவாதம் வந்த இரண்டாவது வருஷத்தில்தான்.

வலது கை வரவில்லை என்று எல்லாவற்றையும் இடது கையாலேயே செய்கிறாயாம். அது வேண்டாம். அப்படியே பழகிவிட்டால், கொஞ்சநஞ்சம் அசையக்கூடிய கையையும் மூளை ஒதுக்கிவிடும். இதைக் கவனித்தவர் எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர். அவர் வகுத்த முறையில் நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, பாதித்த கையாலேயே வேலை வாங்குவார்கள். 2006-இல் வெளியான ஆய்வில் 222 பேர், எல்லாரும் பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்கள். பயிற்சி இரண்டே வாரம்தான், ஆனால் பலன் ஒரு வருஷம் கழித்தும் இருந்தது. மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது விரிய வேண்டும் என்பது நிபந்தனை. நீதான் டம்ளரைப் பிடித்து விடுகிறாயே! பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுப் பார். நடக்கும்போது மட்டும் உறை கூடாது, தடுமாறினால் பிடித்துக்கொள்ள நல்ல கை வேண்டும்.

நடைக்காகப் பணம் கட்டி மிஷினைத் தேடி அலையாதே. அமெரிக்காவில் 408 பேரை வைத்து நடந்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. டிரெட்மில்லில் பழகியவர்களும், வீட்டிலேயே பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் பயிற்சி செய்தவர்களும் ஒரு வருஷ முடிவில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தேறியிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதையே தினமும் செய். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நட. பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்ல முடிகிற அளவுக்கு மூச்சு வாங்கினால் போதும். தலை சுற்றினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே நிறுத்திவிடு. பிரஷர் மாத்திரையை ஒரு நாளும் விடாதே, இன்னொரு தடவை வராமல் இருக்க அதுவும் வேண்டும்.

தங்கச்சி, இது உனக்கு: அவனைத் தூக்கிவிடும்போது வராத கையைப் பிடித்து இழுக்காதே. தோள் மூட்டு பலமில்லாமல் இருக்கும், நழுவிவிடும். அண்ணன் அந்த வலியில் மாதக்கணக்கில் தவித்தார்.

இன்னொன்று, மாப்ளே. தூக்கம் வரவில்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்கிறாயே, அதை டாக்டரிடம் சொன்னாயா? பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதற்கும் மருந்து உண்டு. மனசு விழுந்து கிடந்தால் உடற்பயிற்சி எப்படி நடக்கும்?

உன் ஊர்ப் பக்கமே ஒரு பிசியோதெரபிஸ்டை விசாரித்து வைத்திருக்கிறேன். வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வருவார், மற்ற நாளில் தங்கச்சியும் நீயும் செய்துகொள்ளலாம். எந்தக் கிழமை தோதுப்படும் என்று எழுது, அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்