முட்டுக்கட்டை

விசுவமடு
மாசி 12

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுறம்.

போன் எடுத்தால் அணைஞ்சு கிடக்கு. சிக்னல் இல்லாத இடமாக்கும் எண்டு கொம்மாவுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். உன்ர அறையில இருந்த பெடியன் லீவில வந்தவன், புதனுக்குத் திரும்பிறான், அவனிட்டக் குடுத்து விடுறன். உன்னைப் பற்றிக் கேட்டன். "இருக்கிறார் அங்கிள்" எண்டவன், பிறகு தேத்தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் மேல கேக்கேல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

எழுத வந்தது வேற. இரும்பு வெட்டுற மில்லிங் மெசினுக்கு, ஒவ்வொரு துண்டும் ஒரே இடத்தில வந்து நிக்க, நானே ஒரு முட்டு செய்திருக்கிறன். கொண்ணன் அதுக்கு முட்டுக்கட்டை எண்டு பேர் வைச்சிட்டான், என்னைத்தான் சொல்லுறானோ தெரியாது. தடிச்ச இரும்புக் கட்டை ஒண்டை மெசின் மேசையில ரீ (T) எழுத்து மாதிரி இருக்கிற வெட்டுக்குள்ள நட்டுப் போட்டு இறுக்கி நிமிர்த்தி வைச்சாச்சு. அதில குறுக்க ஓட்டை போட்டு 12 மில்லிமீற்றர் கம்பி விட்டிருக்கு. கம்பி நுனியை லேத்தில பிடிச்சு உருட்டி விட்டன். தட்டையா விட்டால் இரும்புத்தூள் இடையில நிண்டு அளவைக் கெடுக்கும், உருண்டையெண்டால் ஒரு புள்ளியிலதான் தொடும். கம்பியை இறுக்கிற போல்ற்றுக்கு அடியில பித்தளைத் துண்டு. இல்லாட்டில் போல்ற் கம்பியில பள்ளம் போட்டிடும், பிறகு ஒரு நூல் தள்ளி வைச்சாலும் அந்தப் பள்ளத்துக்கே வழுக்கிப் போகும். பித்தளை எங்கத்தையது எண்டு கேக்காதை, பழைய கிணத்துப் பம்பைக் கழட்டினது. சண்டை நேரம் சாமான் வராத தடைக்காலத்தில பழகின கை, ஒண்டையும் எறிய விடாது.

முதல் துண்டுக்குத்தான் மினக்கெட வேணும். விளிம்பு பிடிச்சு, அளந்து, கம்பியைக் கொண்டுவந்து தொட வைச்சுப் பூட்டு. பிறகு 24 எண்டாலும் 100 எண்டாலும் பிசிர் அராவி, துண்டைப் பிடிக்கிற வைஸைத் துடைச்சு, துண்டை மெல்ல முட்ட வைச்சு இறுக்கிறது, வெட்டுறது. மெல்ல. சுத்தியலால் தட்டப்படாது. அருவிவெட்டு மெசின்காரர் வரிசையில நிக்கினம், அரை நாளில முடிச்சுக் குடுத்தன்.

உனக்கு இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு. கணனி மெசின் ஓட்டுறாய். கிளிநொச்சி அறிவியல் நகர் ஜேர்மன் தொழிற்பயிற்சியில படிச்ச என்ர மகன் எண்டு கடைத்தெருவில ஒருத்தரை விடாமல் சொல்லுறன். ஆனால் பெருமை கேக்கிற சனம் கடிதம் வந்ததோ எண்டும் கேக்குது. ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் வேணும்?

தம்பி, அந்தத் தருமபுரத்தார் வேலை. 35 மில்லிமீற்றரில காடி வெட்ட வேண்டிய 16 துண்டு. அந்தாளுக்கு முன்னால உன்னை என்னவெல்லாம் சொன்னன், "ஜேர்மன்காரன் படிப்பிச்சது இதுதானோ" எண்டும் கேட்டன். நீ கையைத் துடைச்சுப்போட்டு வெளிய போனாய். நீ பிளேன் ஏறின கிழமை அந்தத் துண்டுகளை எடுத்து, நீ சோக்கில போட்ட நம்பர்ப்படி அடுக்கி அளந்தன். முதலாவது சரி. இரண்டாவதில மயிரளவு, மூண்டாவதில இன்னும் கொஞ்சம், 16ஆவது 2 மில்லிமீற்றருக்கு மேல. எல்லாம் ஒரே பக்கம். கைப்பிழை எண்டால் முன்னும் பின்னும் போயிருக்கும். அண்டைக்கு முட்டு எண்டு சீ கிளாம்பில ஒரு இரும்புத் துண்டைக் கொழுவி விட்டது நான். அதை அரைகுறையா இறுக்கினதும் நான். நீ ஒவ்வொண்டாய் முட்ட வைக்க வைக்க அது நகர்ந்திருக்கு.

இரண்டு வருசம் தெரிஞ்சும் சொல்லேல்லை. சண்டைக்குள்ள சுதந்திரபுரத்தில லேத்தை விட்டிட்டு வரேக்க கூட எனக்கு இப்படி இருக்கேல்லை. தருமபுரத்தாரிட்டப் போன கிழமை போய்ச் சொன்னன். அந்தாள் சிரிச்சார்.

அங்க வேலை எப்படியிருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடு, கண்ட நேரம் முழிக்காதை. இங்க வேலைக்குக் குறைவில்லை, கொண்ணனுக்கு மில்லிங் பிடிக்காது, வெல்டிங்தான். மெசின் மத்தியானத்துக்குப் பிறகு சும்மா கிடக்கு.

பெடியனிட்ட மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் குடுத்திருக்கு. ரின் கொம்மாவின்ரை, திரும்பி வரவேணுமாம். அவனிட்டக் குடுத்து விடவேண்டாம்.

அப்பா