கலாவுக்கு வசந்தா எழுதுவது

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்ததில் சந்தோஷம். ஆனால் அடுத்த பக்கத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. உங்கள் அடுக்குமாடியில் மகளிர் தினத்தன்று ஆளுக்கொரு பெருமையைச் சொல்லச் சொன்னார்களாம். எதிர்வீட்டம்மா மகன் அமெரிக்காவில் வீடு வாங்கியதைச் சொன்னாளாம். நீ “எனக்கு அப்படி ஒண்ணும் இல்லீங்க” என்று உட்கார்ந்துவிட்டாயாம். ஏன்டி அப்படி?

போன வாரம் பேரனுக்கு ஸ்கூல் ஷூ வாங்கப் போனேன். கையில் எடுத்ததும் சைஸ் பார்க்கவில்லை, நாக்கைத் தூக்கிவிட்டு உள்தையலைத்தான் பார்த்தேன். குதிகால் பக்கம் தையல் ஓரத்தை விட்டு விலகி ஓடியிருந்தது. “இது வேணாம், வேற எடு” என்றேன். “புது ஸ்டாக் பாட்டி!” என்கிறான் கடைப்பையன். ஆம்பூரில் நாம் அப்பர், அதான் ஷூவின் மேல்பாகம், தைத்த காலத்தில் இந்த ஜோடி உன் கையைத் தாண்டிப் போயிருக்குமா? துணியென்றால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி இறங்கினால் அந்த ஓட்டை ஓட்டைதான். வளைவு வரும்போது நீ மெஷினை நிறுத்தி, லேசாகத் தூக்கித் திருப்புவாயே, அதைப் பார்த்துக் கற்கட்டும் என்றுதானே புதிதாக வரும் பெண்களை உன் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்? ஜெர்மனியிலும் இத்தாலியிலும் யார் யாரோ நம் தையலைப் போட்டுக்கொண்டு நடந்தார்கள், நம் காலில் ரப்பர் செருப்பு. அதை மைக்கைப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டாமா நீ?

நம் சூப்பர்வைசர் ஒருவர் ஓயாமல் கிண்டல் செய்வாரே, தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், அழகில்லாத பெண்கள், இதுதான் உங்க வேலூர் என்று. அந்தக் கோயில் சாமி ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியபோது எங்கள் வீட்டுக்காரர் வெள்ளத்தைப் பார்த்துவிட்டு வந்து, தானே மதகைத் திறந்துவிட்ட மாதிரி பேசினார். இன்னும் பேசுகிறார். அழகு விஷயத்தை நீயும் நானும் பேச வேண்டாம், விடு.

எங்கள் தெருக்காரர் ஒருவர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்தில் டிபன் கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடத்துக்கே திணறியவர். வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களோடு பேசிப் பேசி இப்போது பெங்காலியில் வெளுத்து வாங்குகிறார். காரம் குறைந்த சட்னி தனியாக எடுத்து வைப்பார். சீட்டை நீட்டி முழிக்கிறவர்களுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவர்கள் பாஷையிலேயே வழி சொல்லி அனுப்புவார். வியாபாரம் எப்படி என்று கேட்டால் புலம்பல்தான். பெங்காலியைப் பற்றிக் கேள், காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். அமெரிக்கா வீட்டைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது. பொறாமை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்.

அப்புறம், நம் இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்களே, உழவர் சந்தையில் விற்கும் அம்மாவிடம் அதைப் பற்றிக் கேட்டேன். “அது கெடக்குதும்மா, நீ காம்பப் புடிச்சுப் பாரு” என்று என் விரலை இழுத்து அழுத்தினாள். சுருக்கென்று குத்தியது. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஒரு கிலோ வாங்காமல் வர முடியுமா?

வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. இந்த வருஷமாவது வா, மருமகளையும் கூட்டி வா. ரிசர்வேஷனை இப்போதே பார்க்கச் சொல். கோயம்புத்தூரில் ரயில் ஏறியதும் போன் போடு, இவர் காட்பாடிக்கு வந்துவிடுவார். பாலாற்றுக் கதையை வழி முழுக்கக் கேட்க வேண்டியிருக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.

அன்புடன்,
வசந்தா