துறைத் தலைவர் பொறுப்புக்கும் பயிற்சி வேண்டும்: சனிக்கிழமை கூடுவோம்

அனைவருக்கும் வணக்கம். ஆசாரிப்பள்ளம், குலசேகரம் மருத்துவக் கல்லூரிகளில் கற்பிக்கும் நம்மில் பலர் துறைத் தலைவர் பொறுப்பை நெருங்கிவிட்டோம். அறுவை சிகிச்சைக்கு வருடக்கணக்கில் பயிற்சி எடுத்த நாம், டூட்டி பட்டியல் தகராறைத் தீர்க்கவும், இளம் உதவிப் பேராசிரியரிடம் அவர் மனம் நோகாமல் குறையைச் சொல்லவும், உபகரணத்துக்கு நிதி கேட்டு எழுதவும் எங்கேயும் படிக்கவில்லை. இதில் சிரமப்படுவது கடைசியில் மாணவர்களும் நோயாளிகளும்தான்.

தேசிய மருத்துவ ஆணையத்தின் அடிப்படைப் பயிற்சி கற்பிக்கும் முறையைச் சொல்லித்தருகிறது. 2019-ல் வந்த திறன்சார் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்துக்கு அது அவசியம், சரி. ஆனால் ஒரு துறையை நடத்துவது வேறு வேலை. கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியில் 2007-ல் தொடங்கிய, மருத்துவ ஆசிரியர்களுக்கான ஃபைமர் (FAIMER) ஃபெல்லோஷிப்பைப் பாருங்கள். இரண்டு ஆண்டுத் திட்டம். வேலையை விடாமலே படிக்கலாம். சொந்தக் கல்லூரியில் ஒரு மாற்றத்தைக் கையில் எடுத்துச் செய்துகாட்ட வேண்டும் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பிலடெல்ஃபியாவில் பெண் மருத்துவ ஆசிரியர்களுக்கென்றே ஈலம் (ELAM) என்ற தலைமைப் பயிற்சி 1995-ல் தொடங்கியது. நம் பெண் பேராசிரியர்கள் அதையும் தேடிப் படியுங்கள்.

சனிக்கிழமை மாலை 4 மணிக்கு நாகர்கோவிலில் கூடுவோம். இடத்தை வெள்ளிக்கிழமை இங்கே போடுகிறேன். வருபவர்கள் தங்கள் துறையில் நெடுநாளாகத் தீராத ஒரு நிர்வாகச் சிக்கலை எழுதி எடுத்துவாருங்கள். யார் பெயரும் வேண்டாம்.