கோழிக்கோட்டில் அப்பா பிரியாணி சாப்பிட்ட கதை

அன்புள்ள கயல்,

நலம்தானே? கோழிக்கோட்டிலிருந்து போனில் பேசியபோது அந்த ஹோட்டல் இரைச்சலில் நீ சொன்னது பாதி காதில் விழவில்லை. "அப்பா சாப்பிட்டாரா?" என்றுதானே கேட்டாய்? சாப்பிட்டார். எப்படி என்பதைப் போனில் சொன்னால் சரிப்படாது.

ஆம்பூர்க்காரரை வெளியூரில் பிரியாணி சாப்பிட வைப்பது என்ன பாடு என்று உனக்குத் தெரியாததா! பாரகனுக்குப் போகலாம் என்றதும், மீன் மட்டும்தான் சாப்பிடுவேன் என்று கண்டிஷன் போட்டுவிட்டுத்தான் கிளம்பினார். 1939இல் ஆரம்பித்த ஹோட்டல் அது. ராத்திரி வாசலில் முகூர்த்த நாள் மண்டபம் மாதிரி கூட்டம். பெயரைக் கொடுத்துவிட்டு நின்றோம். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கிடைத்தது நாலு பேர் உட்காரும் மேசை. பின்னால் காத்திருந்த வயதான தம்பதியையும் எங்களோடு உட்காரச் சொன்னேன். அப்பா முறைத்தார். தலச்சேரிக்காரர்களாம். பதிமுகம் என்கிற மரச்சீவல் போட்டுக் கொதிக்க வைத்த ரோஸ் நிறத் தண்ணீர் வந்தது. அதையும் அப்பா சந்தேகமாகத்தான் பார்த்தார்.

எனக்கு ஆப்பமும் மாங்காய் போட்ட மீன் குழம்பும். தேங்காய்ப்பால் வாசனை, அளவான புளிப்பு. நான் தலை நிமிரவே இல்லை. எதிரே அவர்களுக்குப் பிரியாணி வந்தது. அப்பா சும்மா இருப்பாரா? "நிறமே இல்லையே, காய்ந்த மிளகாய் அரைத்துப் போட மாட்டீர்களா?" என்று ஆரம்பித்தார். பச்சை மிளகாய்தான் காரம் என்றார் அந்தப் பெரியவர். கைமா என்கிற குட்டை ரக அரிசியை நெய்யில் வறுத்துத் தனியாக வேகவைத்து, கறி மசாலாவோடு அடுக்கி, மூடி மேல் கனல் போட்டுத் தம் கட்டுவார்களாம். அப்பா விடவில்லை. சீரகச் சம்பாவை முக்கால் பதத்தில் வடித்துக் கறியில் சேர்த்தால்தான் சாறு அரிசியில் ஏறும் என்று மேசையைத் தட்டினார். அவர் மலையாளம், இவர் தமிழ். தட்டுச் சத்தத்துக்கும் சப்ளையர்கள் கூப்பாட்டுக்கும் மேலே இவர்கள் சத்தம். ரிட்டயர் ஆனதிலிருந்து வீட்டில் நியூஸ் பேப்பரோடு மட்டும் பேசுகிற மனிதரா இவர் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா பொறுக்க முடியாமல் ஒரு கரண்டி எடுத்து அப்பா தட்டில் வைத்துவிட்டார். மென்றார். பேச்சே இல்லை. அப்புறம் சப்ளையரைக் கூப்பிட்டுத் தனக்கு ஒரு மட்டன் பிரியாணி சொன்னார்! முந்திரி, திராட்சையை ஒதுக்கி வைத்தார் (பாயசமா இது என்று என்னிடம் மட்டும் முணுமுணுத்தார்). மற்றபடி ஒரு பருக்கை மிச்சமில்லை. "அரிசி பரவாயில்லை" என்றார். அவர் வாயில் அது எவ்வளவு பெரிய பாராட்டு என்று உனக்குத் தெரியும். கடைசியில் எலுமிச்சை பிழிந்த சுலைமானி, அதாவது பால் சேர்க்காத டீ. பில்லுக்கு இருவரும் சண்டை போட்டார்கள். அப்பா தோற்றார்.

அதனால் இப்போது கடன் தீர்க்க வேண்டுமாம். நீ ஆகஸ்டில் வரும்போது அவர்களையும் ஆம்பூருக்கு வரச் சொல்லியிருக்கிறார். எந்தக் கடையில் பிரியாணி வாங்குவது என்று இப்போதே யோசனை. கத்திரிக்காய்த் தொக்கு மட்டும் நான் வீட்டில் செய்ய வேண்டுமாம். டிக்கெட் போட்டதும் தேதி சொல்லு, அவர்களுக்கு அப்பா போன் பண்ண வேண்டும்.

அன்புடன்,
அம்மா