எப்காட் உணவுத் திருவிழா ஆடைக் குறிப்பேட்டைத் திரும்பப் பெறக் கோரும் புகார்

அனுப்புநர்:
செப்டம்பர் பயணக் குழுவில் வந்த வாடிக்கையாளர்கள் இருவர்,
தையல் மற்றும் ஆடை வடிவமைப்புத் தொழில்,
சென்னை.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
வெளிநாட்டுச் சுற்றுலா நிறுவனம்,
சென்னை.

பொருள்: தவறான ஆடைக் குறிப்பேடு, ஆலோசனைக் கட்டணத்தைத் திருப்பித் தருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் உள்ள டிஸ்னியின் எப்காட் கேளிக்கைப் பூங்காவின் உணவுத் திருவிழாப் பயணத்துக்கு, ஆடை ஆலோசனை என்று தலைக்கு 1,500 ரூபாய் தனியாக வாங்குகிறீர்கள். அதற்கு ஈடாகத் தருவது நான்கு பக்கக் குறிப்பேடு ஒன்று. பெண்கள் பட்டுப்புடவையோ லெஹங்காவோ உடுத்திக் குதிகால் உயர்ந்த செருப்பு அணிய வேண்டும். ஆண்கள் பிளேசரோ பட்டு வேட்டியோ அணிய வேண்டும். நான்கு பக்கத்தின் சாரமும் இவ்வளவுதான். மண்டபத்தில் நடக்கும் கல்யாண வரவேற்புக்கு இது பொருந்தும். எப்காட்டில் இதைக் கடைப்பிடித்தால் உடையும் கெடும், உடம்பும் நோகும்.

1990-களிலிருந்து நடந்துவரும் இந்தத் திருவிழாவில் பந்தி கிடையாது. ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் அரங்குகள் இருக்கின்றன. ஒரு சுற்று ஏறக்குறைய 2 கிலோமீட்டர். முன்வாசலிலிருந்து ஏரிக்கரைக்கு வரும் தூரம் இதில் சேரவில்லை. வழிநெடுகச் சிறு கடைகள். ஒவ்வொன்றிலும் வரிசையில் நின்று, உள்ளங்கை அகலத் தட்டில் நாலைந்து வாய் உணவை வாங்கி, உயரமான மேசை காலியாக இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே சாப்பிட வேண்டும். ஒரு கையில் தட்டு, மறு கையில் கோப்பை. சரியும் முந்தானையை இழுத்துவிட மூன்றாவது கை இல்லை. கட்டணம் உயர்ந்தது என்பதால் உட்கார வைத்துப் பரிமாறுவார்கள் என்று உங்கள் குறிப்பேட்டை எழுதியவர் நினைத்திருக்கிறார். மற்ற பிழைகளெல்லாம் இதிலிருந்து வந்தவை.

முதலில் லெஹங்கா. தரையைத் தொடுகிற அல்லது தரையில் இழுபடுகிற உடையைப் பூங்கா விதி ஏற்பதில்லை. அடுக்கடுக்கான உடையை வாசலில் சோதிக்கலாம் என்றும் விதி சொல்கிறது. உள்ளே கேன்கேன் என்ற விறைப்பான வலை அடுக்கு வைத்த, தரை தொடும் லெஹங்கா இரண்டு விதியிலும் மாட்டும். விதியை விடுங்கள், மழைநீர் தேங்கிய தரையில் அரைமணி நேரம் நடந்தாலே கீழ்க்கரை நீரை உறிஞ்சிக் கனத்துப்போகும். இடுப்பு நாடா இறங்கும். புடவைதான் வேண்டும் என்பவர்களைத் தடுக்க வேண்டியதில்லை, கட்டும் முறையைச் சொல்லித் தந்தால் போதும். ஜார்ஜெட் அல்லது மெல்லிய லினன் கலப்புப் புடவை. கணுக்கால் எலும்புக்கு மேல் 3 செ.மீ. உயரத்தில் கரை நிற்க வேண்டும். முந்தானையை மடித்துத் தோளில் இரண்டு ஊக்குக் குத்தி, மீதியைச் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் செருகிவிட வேண்டும். உள்ளே காலோடு ஒட்டி நிற்கும் மீன்வெட்டுப் பாவாடை வேண்டாம், எட்டி நடக்க விடாது. சாதாரணப் பருத்திப் பாவாடையும் அதனுள் முழங்கால் வரை வரும் சைக்கிளிங் ஷார்ட்ஸும் போதும். ஈரப்பதமான வெயிலில் நாள் முழுக்க நடக்கையில் தொடை உரசிப் புண்ணாவது பெண்கள் பலருக்கும் நேர்வது. நான்கு பக்கத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை என்பது எங்களுக்கு மிகுந்த வருத்தம்.

பட்டைப் பரிந்துரைத்தது அதைவிடப் பெரிய தவறு. ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் முடிய ஆர்லாண்டோவில் பகல் வெப்பம் 32, 33 டிகிரியைத் தொடும். பிற்பகலில் இடியுடன் மழை கொட்டுவது அங்கே அன்றாட வழக்கம். பட்டில் மழைத்துளி பட்டுக் காய்ந்தால் வட்டக்கறை நிற்கும். வியர்வை உப்பு அக்குளில் சாயத்தை வெளுக்கும், சரிகையைக் கறுக்க வைக்கும். தூய பருத்தியும் முழு விடை ஆகாது. வியர்வையை உறிஞ்சும், ஆனால் சீக்கிரம் உலராது. நனைந்த பருத்தியோடு குளிரூட்டிய அரங்குக்குள் நுழைந்தால் பல் கிட்டிக்கும். மெல்லிய லினன், அல்லது பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணி இந்த இடத்துக்குத் தோதானது. நிறத்திலும் கணக்கு உண்டு. சாம்பல், வெளிர்நீலம் இரண்டும் வியர்வையைப் பளிச்சென்று காட்டும். வெள்ளை நனைந்தால் உள்ளே தெரியும். அடர்நீலத்தில் பூப்போட்ட துணி என்றால் வியர்வையும் தெரியாது, சாஸ் சிந்தியதும் தெரியாது.

எங்களைக் கேட்டால் பெண்களுக்கு நேர்வெட்டுக் குர்த்தாவும் கணுக்கால் வரையான பேண்ட்டும் என்போம். குர்த்தா முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கை முழங்கை வரை. தொங்கும் மணிக்கை வேண்டாம், தட்டை எடுக்கும்போது குழம்பில் தோயும். பக்கத் தையலில் 18 செ.மீ. ஆழத்துக்குப் பை வைத்தால் போனும் அட்டையும் அடங்கும். துப்பட்டா வேண்டாம். இடுப்பில் எலாஸ்டிக் இருக்கட்டும். பத்துப் பன்னிரண்டு தட்டு ருசி பார்த்த பிறகு கொக்கி போட்ட இடுப்பு அழுத்தும். ஆண்களுக்குக் காலர் வைத்த அரைக்கைச் சட்டையும் மெல்லிய பேண்ட்டும் எங்கும் செல்லும். பிளேசர் இரண்டாவது கடையிலேயே கைச்சுமையாகிவிடும். வேட்டிதான் என்றால் ஒட்டுப்பட்டையும் பையும் வைத்துத் தைத்தது, கரை தரையில் படாத உயரத்தில்.

செருப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குச்சிக் குதிகால், பாவுகல் இடுக்கிலும் வடிகால் கம்பியிலும் சிக்கும். வழவழப்பான தோல் அடிப்பாகம் ஈரத்தில் வழுக்கும். உங்கள் குறிப்பேட்டை நம்பி வந்த பெண்கள் பலர் மதியத்துக்குள் செருப்பைக் கையில் எடுத்தனர். வெறுங்காலுடன் நடக்கவும் பூங்காவில் அனுமதி இல்லை. ரப்பர் அடிப்பாகமும் பின்வாரும் உள்ள செருப்பு வேண்டும். உயரம் தேவை என்றால் 3 செ.மீ. அகலக் குதி. பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே வாங்கி வீட்டில் நடந்து பழக வேண்டும், புதுச் செருப்பை அங்கே போய்ப் போடக் கூடாது. ஷூ அணிவோர் மாற்றுக் காலுறை ஒரு ஜோடி எடுத்துச் செல்லட்டும். முன்வாசல் அருகிலும், பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலுள்ள இரண்டாவது வாசலிலும் வாடகைப் பெட்டகங்கள் உண்டு. மழைக்கோட்டு, மெல்லிய சால்வை, காலுறை மூன்றையும் அதில் வைத்துவிட்டுத் தேவைப்படும்போது எடுக்கலாம். குடையைவிடத் தலைவழி மாட்டும் மழைக்கோட்டே நெரிசலுக்கு ஏற்றது. நம்மூரில் வாங்கிச் செல்வது நல்லது.

நவம்பர் குழுவுக்கும் இதே குறிப்பேட்டை அனுப்பியிருக்கிறீர்கள். நவம்பரில் பகல் 25 டிகிரி அளவில் இதமாக இருந்தாலும், இரவில் 15 வரை இறங்கும். வாணவேடிக்கைக்காக இரவு 9 மணி வரை ஏரிக்கரையில் நிற்பவர்களுக்கு முழுக்கைக் கம்பளிச் சட்டை ஒன்று தேவை. ஒரே தாள் இரு பருவத்துக்கும் உதவாது.

உடைக் கட்டுப்பாடு உள்ள இடத்தில் நீங்கள் வாய் திறக்கவே இல்லை. பிரான்ஸ் அரங்கின் மான்சியூர் பால், ஜப்பான் அரங்கின் டக்குமி-டெய் போன்ற உட்கார்ந்து உண்ணும் உயர்தர உணவகங்களுக்கு நீச்சலுடை, கையில்லா பனியன், கிழிந்த உடை ஆகாது. ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிடுவது முறை. நாங்கள் மேலே சொன்ன சட்டையும் குர்த்தாவும் அங்கே தாராளமாகப் பொருந்தும். நீங்கள் எழுதிய பிளேசர் மெய்யாகவே பொருந்தும் இடம் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸ் என்ற உணவகம். அது எப்காட்டுக்குள் இல்லை, கிராண்ட் ஃப்ளோரிடியன் விடுதியில் இருக்கிறது. உங்கள் பயணத் திட்டத்திலும் அது இல்லை.

கறைக்கு உங்கள் குறிப்பேடு சொல்லும் வழி, வெந்நீரில் தேய்ப்பது. தயவுசெய்து அதை உடனே நீக்குங்கள். வெந்நீர் பாலாடைக்கட்டி, முட்டைக் கறைகளை இழையோடு இறுக்கிவிடும். சிவப்பு ஒயின் பட்டால் காகிதக் கைக்குட்டையால் ஒற்றி, குளிர்ந்த நீர் விட்டு மறுபடி ஒற்ற வேண்டும். எண்ணெய்ச் சாஸ் என்றால் ஒற்றிவிட்டு, விடுதிக்குத் திரும்பியதும் பாத்திரம் கழுவும் சோப்புத் துளி ஒன்றைத் தடவி அலசலாம். கறை நீக்கும் பேனாவைப் பட்டில் பயன்படுத்தக் கூடாது, சாயம் போகலாம்.

எங்கள் கோரிக்கைகள்: இப்போதைய குறிப்பேட்டை உடனே நிறுத்த வேண்டும். செப்டம்பர் குழுவில் கட்டணம் செலுத்திய அனைவருக்கும் 1,500 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். நவம்பர் குழுவினர் துணி வாங்கித் தைக்கக் குறைந்தது மூன்று வாரமாவது ஆகும். அதற்குள் சரியான குறிப்பு அவர்கள் கைக்குப் போக வேண்டும். திருத்தி எழுத எங்கள் உதவி தேவைப்பட்டால் கட்டணமின்றிச் செய்து தருகிறோம். 15 நாட்களுக்குள் எழுத்துபூர்வமான பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்கள் இருவர்