படம் மாறினால் போதும், பல்டி அடிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலூரில் கடைகளுக்கும் லாட்ஜ்களுக்கும் இணையதளம் செய்து தருகிறவன் நான். வருகிறவர்கள் கேட்பதெல்லாம், முகப்பில் ஸ்லைடுஷோ வேண்டும், படம் சும்மா மாறக்கூடாது, சுழல வேண்டும், சிதற வேண்டும். கல்யாண வீடியோ பார்த்த பழக்கம், வேறென்ன!

கேட்பதில் தப்பில்லை. ஆனால் அதற்காக எங்கிருந்தோ இறக்கிய கனமான ப்ளக்இன்னை (தளத்தில் சேர்க்கும் கூடுதல் நிரலை) ஏற்றிவிட்டு, வைத்தியத்துக்கு வெளியூரிலிருந்து வந்து பழைய போனில் அறை தேடுகிறவரைக் காக்க வைப்பதுதான் பொறுக்கவில்லை. பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸிலேயே வேலை முடிந்துவிடும். இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல் படத்தின் ஒபாசிட்டியை, அதாவது ஒளிபுகாத் தன்மையை, 1லிருந்து 0க்குக் கொண்டுபோனால் அது கரைந்து அடுத்தது தெரியும். இன்னும் அழகு வேண்டுமா, மேலே வரும் படத்துக்கு கிளிப்-பாத்தில், அதாவது படத்தை ஒரு வடிவத்துக்குள் மட்டும் காட்டும் வசதியில், ஒரு வட்டம் போட்டு 0 சதவீதத்திலிருந்து 75 வரை விரியுங்கள், மூலைகள் வரை மூடிவிடும். கோட்டை அகழிப் படத்தின் நடுவிலிருந்து ஜலகண்டேஸ்வரர் கோபுரம் திறந்து வருவதை அப்படித்தான் செய்தேன். இடத்தையும் அகலத்தையும் குறிக்கும் லெஃப்ட், விட்த் அளவுகளை மாற்றிப் படத்தை நகர்த்த மட்டும் வேண்டாம், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பிரவுசர் பக்கத்தையே மறுபடி அளக்க வேண்டியிருக்கும். அப்படி அளக்க வைக்காமல் நகர்த்த டிரான்ஸ்ஃபார்ம் இருக்கிறதே.

அப்புறம், அசைவைப் பார்த்தாலே தலை சுற்றுகிறவர்கள் போன் செட்டிங்கில் அசைவைக் குறைத்து வைத்திருப்பார்கள், அதை மதிக்க பிரிஃபர்ஸ்-ரெட்யூஸ்டு-மோஷன் என்று சிஎஸ்எஸ்ஸில் ஒரு மீடியா குவெரி, அதாவது பார்ப்பவரின் சாதனத்தைக் கேட்டறியும் நிபந்தனை, உண்டு. தானாக ஓடும் படம் 5 நொடியைத் தாண்டினால் நிறுத்த ஒரு பொத்தான் வேண்டும் என்று எல்லோரும் பயன்படுத்தும்படி தளம் அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி விதிமுறையும் சொல்கிறது. தளம் செய்யக் கொடுப்பவர்கள் இவற்றைக் கேட்டு வாங்குங்கள், தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காட்பாடி