போர்வை அக்காவுக்கும் மத்த எல்லாருக்கும்

அம்மா நேத்து சாயங்காலம் ஆஸ்பத்திரிலேருந்து வீட்டுக்கு வந்துட்டாங்க. என்ன நடந்துச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும், திரும்ப அத சொல்ற தெம்பு இல்ல, இன்னும் போன் அடிச்சாலே நெஞ்சு பக்குங்குது. ஆனா நன்றிய ஆறப்போட்டா அப்புறம் சொல்லவே மாட்டேன், என்னப்பத்தி எனக்கே தெரியும், அதான் இப்பவே எழுதிடறேன்.

முதல்ல ரத்தம் குடுத்தவங்க. அன்னைக்கு டாக்டரம்மா ரிப்போர்ட்ட அவங்க பக்கமா வெச்சுக்கிட்டு யோசிச்சிட்டு இருந்தாங்க, நான் எதிர்ல உக்காந்து தலகீழாவே படிச்சுட்டேன், ரத்தத்துல ஹீமோகுளோபின் 6னு. (சின்ன வயசுல ஒரு அரிக்கேன் விளக்கு, ஒரு புத்தகம், சுத்தி 5 பேரு, எனக்கு எப்பவும் எதிர்ப்பக்கம் தான் கெடைக்கும், அப்படி வந்த படிப்பு இது.) பொம்பளைங்களுக்கு 12 இருக்கணும். ஒரு யூனிட் ரத்தம் ஏத்தினா சுமாரா 1 தான் கூடுமாம். அந்த நேரத்துல 4 பேரு ஓடி வந்தீங்க பாருங்க, அத மறக்க மாட்டேன். பணம் அனுப்புனவங்க, மாட்ட பாத்துக்கிட்டவங்க, பசங்கள ஸ்கூல்ல விட்டவங்க, பழைய சண்டைய மறந்துட்டு வந்து நின்ன எங்க பெரியண்ணன், எல்லாருக்கும் சேத்து ஒரே கும்பிடு. பேர் போட ஆரம்பிச்சா எவரையாவது விட்டுட்டு ஒரு வருஷத்துக்கு பேச்சு வாங்கணும்.

இப்ப அந்த அக்கா. ரெண்டாவது நாள் ராத்திரி வராண்டால தூணுக்கு பக்கத்துல தரையில சுருண்டு படுத்திருந்தேன், தரை ஐஸ் மாதிரி, எடுத்துட்டு வந்த போர்வைய அம்மாவுக்கு போத்திட்டேன். பக்கத்துல ஒரு அக்கா, அவங்க வீட்டுக்காரர உள்ள சேத்திருந்தாங்க போல, ரெண்டு நாளா ஒரு வார்த்த பேசிக்கல. திடீர்னு எழுந்தாங்க, அவங்க போர்வைய உதறி குறுக்க திருப்பி என் மேலயும் சேத்து போட்டுட்டு படுத்துட்டாங்க.

குறுக்க! எனக்கு தூக்கிவாரிப்போட்டுச்சு. எங்க வீட்ல நாங்க 8 பேரு, போர்வை 2. நீளவாக்குல போட்டா ரெண்டு பேருக்கு தான் ஆகும், குறுக்க போட்டா நாலு பேருக்கு, ஆனா முழங்காலுக்கு கீழ எல்லாருக்கும் வெளிய. அதனால காலெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணா பின்னிக்கிட்டு கெடக்கும். எது யார் காலுன்னே தெரியாது, சொறிஞ்சா பக்கத்துல இருக்கவ கத்துவா. கடைக்குட்டிங்கறதால எனக்கு எப்பவும் ஓரம், விடியறதுக்குள்ள போர்வை என்ன விட்டு போயிருக்கும். தனியா ஒரு போர்வைல வளந்தவங்களுக்கு அத குறுக்க போடணும்னு தோணவே தோணாது.

இருட்டுலயே கேட்டேன், "அக்கா, நீங்க எத்தன பேரு?"

"பதினொண்ணு. நீ?"

"எட்டு."

"ம்ம், வசதிக்காரி தான்"னாங்க. ரெண்டு பேரும் வாய பொத்திக்கிட்டு சிரிச்சோம், நர்ஸ் வந்து அதட்டற வரைக்கும். அந்த 2 நாள்ல நான் சிரிச்சது அப்ப மட்டும் தான்.

அப்புறம் தூக்கம் வரல, ஏதேதோ கணக்கு. ஒரு பிள்ளைய சுமந்து பெக்கறதுக்கு அம்மா உடம்புக்கு கிட்டத்தட்ட 1 கிராம் இரும்புச்சத்து தேவப்படுமாம், ஒரு பொம்பளையோட மொத்த உடம்புலயும் இருக்கறதே 2, 3 கிராம் தானாம். எங்க அம்மா 8 பெத்தா, அதுக்கு மேல பானைல மிச்சம் இருந்தா தான் சாப்பிடுவா. இப்ப வந்ததுக்கு அது காரணம் இல்லன்னு டாக்டரம்மா தெளிவா சொல்லிட்டாங்க, இருந்தாலும் மனசு கேக்கல. இனி அம்மா தட்டு நெறைஞ்ச பிறகு தான் என் தட்டு, இத அண்ணனுங்க முன்னாடியும் சொல்லிட்டேன், அவங்களுக்கும் சேத்து தான்.

காலைல நான் கண்ணு முழிச்சப்ப அக்கா இல்ல, அவர வேற வார்டுக்கு மாத்திட்டாங்களாம். தேடினேன், கெடைக்கல, பேரு கூட கேக்காம விட்டுட்டேன். போர்வை முழுசா என் மேல இருந்துச்சு.

அக்கா, இத யாராவது உங்களுக்கு படிச்சு காட்டினா, போர்வை என்கிட்ட தான் இருக்கு. தொவச்சு மடிச்சு வெச்சிருக்கேன். அடுத்த வாரம் அம்மாவுக்கு செக்கப், அந்த தூணுக்கு பக்கத்துல தான் உக்காந்திருப்பேன்.